பெபிள் போதுமா, ஆப்டிகல் வேண்டுமா?

கணினி ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வாட் எண்ணைத்தான். சென்னை ரிச்சி தெருவில் அடுக்கியிருக்கும் பெட்டிகள் சிலவற்றில் ஆயிரம், இரண்டாயிரம் என்று பிஎம்பிஓ கணக்கு கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தக் கணக்குக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை கிடையாது. ஆர்எம்எஸ் எத்தனை என்று மட்டும் பாருங்கள். ஸ்பீக்கர் தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான்.

என் மேசையில் இப்போது இருப்பது கிரியேட்டிவ் பெபிள். 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டைக் கொண்டுவந்த அதே சிங்கப்பூர் நிறுவனத்தின் தயாரிப்பு. இரண்டு சின்ன உருண்டைகள்; ஒவ்வொன்றிலும் 2 அங்குல டிரைவர், 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வு அழகுக்காக வைத்ததல்ல. நேராக நிற்கும் குட்டி ஸ்பீக்கரின் ஒலி நெஞ்சுயரத்தில் போய்விடும்; இது காதை நோக்கி வருகிறது. பாடம், செய்தி, நேர்காணல் எதுவானாலும் பேச்சு துல்லியமாகக் கேட்கிறது. வயலினும் புல்லாங்குழலும் நன்றாகவே இருக்கின்றன.

மிருதங்கத்தில்தான் குறை தெரியும். வலந்தலைச் சொற்கள் கணீரென்று விழுகின்றன. தொப்பியில் எழும் கும்கி மெலிந்துவிடுகிறது. பெபிளின் ஒலி வீச்சே 100 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. பேஸ் கிடாரின் அடித்தந்தியோ 41 ஹெர்ட்ஸ். பின்புறத்து பாசிவ் ரேடியேட்டர் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. 2 அங்குலத்தால் அதற்கு மேல் காற்றைத் தள்ள முடியாது.

சக்தி 4.4 வாட் ஆர்எம்எஸ். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், பெருக்கினால் 2.5 வாட். ஆகவே முழுச் சத்தம் வேண்டுமானால் மின்சார ஒயரை 1 ஆம்பியர் போன் சார்ஜரில் செருகுங்கள். கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்க இந்த 4 வாட்டே தாராளம்.

இனி டிஜிட்டல் விஷயம். கணினிக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. சிடி தரம் என்றால் வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். இந்த எண்களை மின் அலையாக மாற்றும் டிஏசி எங்காவது இருந்தே தீர வேண்டும். ஸ்பீக்கரைக் கணினியின் பச்சை ஆடியோ ஜாக்கில் செருகினால் அது கணினிக்குள். யுஎஸ்பி ஆடியோவோ ஆப்டிகல் கேபிளோ என்றால் ஸ்பீக்கருக்குள். 'டிஜிட்டல் அவுட்' இருப்பதால் மட்டும் ஒலி உயர்ந்துவிடாது. மாற்றும் வேலை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஸ்பீக்கருக்குள் இருப்பது மட்டமான டிஏசி என்றால் பச்சை ஜாக்கே மேல்.

ஆப்டிகலுக்கு உண்மையான லாபம் ஒன்று உண்டு. அதில் போவது ஒளி. கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே மின் தொடர்பே இல்லை. மின்சாரத்தை யுஎஸ்பியிலும் ஒலியைப் பச்சை ஜாக்கிலும் ஒரே கணினியிலிருந்து எடுக்கும் எந்த ஸ்பீக்கரிலும் கிரவுண்ட் லூப் இரைச்சல் வரலாம். மவுஸை நகர்த்தினால் கிர்ரென்று கேட்பது அதுதான். அதற்கும் பல சமயம் தனி சார்ஜரே மருந்து.

5.1 வேண்டுமென்று ஆப்டிகல் தேடுபவர்களும் கவனிக்க வேண்டும். அதில் முழுத் தரத்தில் போவது ஸ்டீரியோ மட்டுமே. ஆறு சேனல் போக டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்று சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். சுருக்காமல் அனுப்ப எச்டிஎம்ஐ இருக்கிறது. இன்னொன்று: புது ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் கடைக்கு ஓடாதீர்கள். விண்டோஸ் ஒலி அமைப்பில் 'டிஜிட்டல் அவுட்புட்' தேர்வாகியிருந்தால் பச்சை ஜாக்கில் சத்தம் வராது. 'ஸ்பீக்கர்ஸ்' என்று மாற்றுங்கள்.

படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் பெபிளைத் தயங்காமல் வாங்கலாம். ஒரே ஒயரில் வேலை முடிய வேண்டுமானால் பெபிள் வி3. அதில் ஒலியும் யுஎஸ்பி வழியே டிஜிட்டலாக வருகிறது, புளூடூத்தும் உண்டு. பாட்டுதான் முக்கியம் என்றால் கொஞ்சம் பணம் சேர்த்து எடிஃபயர் ஆர்1280டிபி போன்ற ஒன்றுக்குப் போங்கள். 4 அங்குல வூஃபரும் ஆப்டிகலும் அதில் இருக்கின்றன. எதை வாங்கினாலும், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைக் கடையிலேயே போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.