பொறுத்தார் ஆர்பிஜி ஆடுவார்

ரோல் பிளேயிங் கேம் எனப்படும் ஆர்பிஜியை வெளியான அன்றே முழு விலை கொடுத்து வாங்க, எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நல்ல காரணம்தான் உண்டு. கதையின் முடிவை யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மற்றபடி காத்திருப்பவருக்கே லாபம். சைபர்பங்க் 2077 இதற்குச் சரியான சாட்சி. 2020 டிசம்பர் 10 அன்று அது வந்தபோது இருந்த நிலையைப் பார்த்து, சோனி தன் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்ச், திறன் மரம் முதல் போலீஸ் துரத்தல் வரை எல்லாவற்றையும் புதிதாகச் செய்தது. முதல் நாள் வாங்கியவர் முழு விலை கொடுத்துப் பழுதுள்ள கேமை ஆடினார். பொறுத்தவர் ஏறக்குறைய பாதி விலையில் நல்ல கேமை ஆடினார்.

ஆன்லைன் சண்டை கேம்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கூட்டம் இருக்கும்போதே அவற்றை ஆடியாக வேண்டும். தனியாளாக ஆடும் ஆர்பிஜிக்கு அந்தக் கெடு கிடையாது. 1997இல் வந்த ஃபால்அவுட்டை இன்றைக்கு முதல்முறையாகத் தொடங்கினாலும் அதே வியப்பு கிடைக்கும், அதுவும் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பிலேயே. அதனால்தான் பருவத் தள்ளுபடியும் இலவசமாகக் கொடுப்பதும் வேறெந்த வகையையும்விட ஆர்பிஜிக்காரர்களுக்கு அதிகம் பயன்படுகின்றன. ஸ்டீம், எபிக் கேம்ஸ் ஸ்டோர், ஜிஓஜி மூன்றிலும் நான் ஆண்டுக்கணக்கில் வாங்கியும் இலவசமாக எடுத்தும் ஆடிவருகிறேன். எங்கே விலை குறைவு என்று மட்டும் பார்த்து வந்தவன், இப்போது வாங்கியபின் என் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதையே முதலில் பார்க்கிறேன்.

ஸ்டீமை எடுத்துக்கொள்வோம். வால்வ் நிறுவனம் 2003இல் தொடங்கிய இந்தக் கடைதான் பிசி கேமுக்குப் பருவத் தள்ளுபடியைத் திருவிழாவாக மாற்றியது. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று ஆண்டுக்கு நான்கு பெரிய விற்பனைகள். இந்தப் பருவப் பெயர்கள் நமக்கு உதவாது, மாதங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மார்ச், ஜூன் கடைசி, அக்டோபரை ஒட்டி ஒன்று, டிசம்பர் பின்பாதி. ஜூனிலும் டிசம்பரிலும் வருபவை இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஓடும். பெரிய ஆர்பிஜிகள் அவற்றில் அனேகமாகத் தவறுவதில்லை.

முன்பெல்லாம் சில மணி நேரம் மட்டும் விலையை அடிமட்டத்துக்கு இறக்கும் ஃபிளாஷ் சேல் உண்டு. நம் ஊர் நேரத்துக்கு அது சில முறை நள்ளிரவிலோ விடிகாலையிலோ வந்து நிற்கும். 2015 கடைசியில் அது நின்றுபோனது. அந்த ஆண்டு ஜூனில் ரீஃபண்ட் வசதி வந்ததுதான் பலரும் சொல்லும் காரணம். காலையில் வாங்கியவர் மாலையில் விலை இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு மறுபடி வாங்கிவிடலாம் அல்லவா? இப்போது பொதுவாக முதல் நாள் விலையே கடைசி நாள் விலை. எனவே பதறாதீர்கள். விற்பனை தொடங்கியதும் விஷ்லிஸ்ட்டில் இருப்பதைப் பாருங்கள், முடியும் முன் வாங்குங்கள்.

விலையை ஏற்றிவைத்துவிட்டுத் தள்ளுபடி என்று அடித்துக் காட்டுகிறார்களோ என்று ஆடி மாதத் துணிக்கடையில் நமக்கு வரும் சந்தேகம் ஸ்டீமில் வரத் தேவையில்லை. விலையை ஏற்றினால் அடுத்த 30 நாள் அந்த கேமுக்குத் தள்ளுபடி அறிவிக்க முடியாது என்பது வால்வின் விதி. அதோடு ஸ்டீம்டிபி, இஸ்தேர்எனிடீல் என்ற இரண்டு தளங்கள் ஒவ்வொரு கேமின் விலை வரலாற்றையும் காட்டுகின்றன. இதுவரை தொட்ட மிகக் குறைந்த விலை எது, எப்போது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒரு கேம் எவ்வளவு பிடிவாதமாக விலையைக் காக்கிறது என்பதும் புரியும். 2015 மே 19 அன்று வந்த விட்சர் 3, இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷனாக 80 சதவீதத் தள்ளுபடியில் ஆண்டுக்குப் பல முறை வருகிறது. பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 அப்படியல்ல. முதலில் 10 சதவீதம், அடுத்த ஆண்டு 20, பிறகு 25 என்று தயங்கித் தயங்கித்தான் இறங்கியது. நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் கேமுக்குத் தள்ளுபடி தர அவசியமில்லை. ஆகவே பால்டர்ஸ் கேட் 3 ஆட ஆசை இருந்தால், 80 சதவீதத்துக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம். கால் பங்கு குறையும்போது வாங்கிவிடலாம். என் கணக்கில் அது முழு விலைக்கும் தகுதியான கேம்.

ஸ்டீமின் ரீஃபண்ட் விதி ஆர்பிஜிக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் பணம் திரும்பும். ஓட்டப்பந்தய கேமுக்கு இரண்டு மணி தாராளம். பால்டர்ஸ் கேட் 3இல் முகத்தையும் இனத்தையும் வகுப்பையும் தேர்ந்தெடுத்து முடிக்கவே சிலருக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். விட்சர் 3இல் இரண்டு மணி ஆடியவர் வொயிட் ஆர்ச்சர்ட் என்ற தொடக்க ஊரையே தாண்டியிருக்க மாட்டார். கேம் நமக்குப் பிடிக்குமா என்பது அதற்குள் தெரியாது. நம் கம்ப்யூட்டரில் ஓடுமா என்பது தெரியும். எனவே முதல் இரண்டு மணியை அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே தரப்பட்ட கதாபாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே ஒரு சண்டைக்குள் போங்கள். கிராஃபிக்ஸை ஏற்றி இறக்குங்கள். திணறினால் அன்றே ரீஃபண்ட் கேளுங்கள். ஜிஓஜியில் இந்த நெருக்கடி இல்லை. 30 நாள் அவகாசம், ஆடிப்பார்த்திருந்தாலும் பணம் திரும்பக் கேட்கலாம். ஆர்பிஜியின் இயல்பு தெரிந்து வைத்த விதி அது.

எபிக்கின் கதை வேறு. 2018 டிசம்பரில் திறந்த கடை, தொடங்கிய மாதத்திலிருந்தே இலவச கேம்களைக் கொடுத்துவருகிறது. இப்போது வாரந்தோறும் வியாழக்கிழமை இரவு மாறும். அமெரிக்கக் கோடையில் நமக்கு 8.30 மணி, அவர்களின் குளிர்காலத்தில் 9.30 மணி. டிசம்பர் விடுமுறையில் நாளுக்கு ஒன்று என்று கொட்டுவார்கள். எடுப்பதும் எளிது. உள்நுழைந்து, பூஜ்யம் விலையுள்ள ஆர்டரை உறுதிசெய்தால் முடிந்தது. கார்டு எண் கேட்பதில்லை. அந்த வாரம் எடுத்துவிட்டால் போதும், பிறகு உங்கள் கணக்கிலேயே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் இறக்கி ஆடலாம். ஸ்டீமில் சில நேரம் வரும் ஃப்ரீ வீக்கெண்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வார இறுதியோடு மூடிக்கொள்ளும்.

இதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? ஆப்பிளுக்கு எதிராக எபிக் நடத்திய வழக்கில் 2021இல் வெளிவந்த ஆவணங்கள் அதைக் காட்டின. முதல் ஒன்பது மாதங்களில் இலவச கேம்களுக்காக எபிக் கொடுத்தது சுமார் 1.16 கோடி டாலர். முதல் கேமான சப்நாட்டிகாவுக்கு மட்டும் 14 லட்சம் டாலர். மொத்தச் செலவுக்கும் கிடைத்த புதிய வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 50 லட்சம் பேர். ஆளுக்கு இரண்டரை டாலருக்கும் குறைவு. விளம்பரத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம் கேம் செய்தவர்களிடம் போயிருக்கிறது. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் புதியவர்களைக் கணக்குத் தொடங்க வைக்கத்தான் இந்த இலவசம் என்பதை மனதில் வைத்தால், கடைக்குள் போனதும் கண்ணில் படும் மற்றவற்றை அவசரப்பட்டு வாங்க மாட்டீர்கள்.

கொடுத்த ஆர்பிஜிகள் சாதாரணமானவை அல்ல. 2020இல் கிங்டம் கம்: டெலிவரன்ஸ், 2022இல் ஃபால்அவுட் 3, 2023 மே மாதம் ஃபால்அவுட்: நியூ வேகஸ், அடுத்த ஆண்டு மே மாதம் டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன். இவற்றில் எந்த எடிஷன் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். நியூ வேகஸ் அல்டிமேட் எடிஷனாக வந்தது, நான்கு கதை விரிவாக்கங்களும் உள்ளே. இன்குவிசிஷனும் கேம் ஆஃப் தி இயர் எடிஷன். அதிலுள்ள டிரெஸ்பாஸர் என்ற விரிவாக்கம் இல்லாமல் அந்தக் கதைக்கு முடிவே கிடையாது. சில ஆர்பிஜிகளில் அடிப்படை கேமை மட்டும் இலவசமாகக் கொடுத்து, முடிவுப் பகுதியை டிஎல்சி என்ற தனி இணைப்பாக விற்பார்கள். அப்படிப்பட்டதை இலவசம் என்று நான் எண்ணுவதில்லை. முதல் அத்தியாயத்தைக் கொடுத்துப் புத்தகத்தை விற்கும் ஏற்பாடு அது.

எபிக் கடையில் குறைகளும் உண்டு. வாங்கியவர்கள் எழுதும் விமர்சனத்துக்கு இடமில்லை, நட்சத்திர மதிப்பீடு மட்டுமே. அதனால் பழைய ஆர்பிஜியை இன்றைய விண்டோஸில் ஓட்ட என்ன செய்ய வேண்டும் என்பதை ஸ்டீமில் மற்றவர்கள் எழுதிய குறிப்புகளில் தேடித்தான் படிக்கிறேன். இன்குவிசிஷன் போன்ற கேமுக்கு எபிக் லாஞ்சரோடு இஏ நிறுவனத்தின் ஆப்பும் வேண்டும். ஒரு கதையைத் திறக்க இரண்டு பூட்டு என்பது எனக்குச் சலிப்பு.

ஜிஓஜி நான் நேசிக்கும் கடை. விட்சர் தொடரைச் செய்த போலந்தின் சிடி புராஜெக்ட் 2008இல் தொடங்கியது. கேட்லாக் சிறியது, புதிய பெரிய கேம்கள் பல தாமதமாகவே வரும், சில வருவதே இல்லை. ஆனால் இங்கே வாங்கினால், வாங்கியவர்தானா என்று சரிபார்க்கும் டிஆர்எம் பூட்டு இல்லாத ஆஃப்லைன் இன்ஸ்டாலர் கிடைக்கும். பெரிய கேம் நான்கு ஜிபி அளவுத் துண்டுகளாக இறங்கும். விட்சர் 3 சுமார் 50 ஜிபி. நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவருக்கு இது ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். நல்ல இணைப்புள்ள நண்பர் வீட்டில் உங்கள் கணக்கில் நுழைந்து இன்ஸ்டாலரை ஹார்டு டிஸ்கில் இறக்கி வந்துவிட்டால், பிறகு இணையமே வேண்டாம்.

2013 டிசம்பரில் ஜிஓஜி ஃபால்அவுட், ஃபால்அவுட் 2, ஃபால்அவுட் டாக்டிக்ஸ் மூன்றையும் சில நாள் இலவசமாகக் கொடுத்தது. அந்த மாதம் முடிந்ததும் உரிமை இன்டர்ப்ளே நிறுவனத்திடமிருந்து பெதஸ்டா நிறுவனத்துக்குப் போக, மூன்றும் கடையிலிருந்து மறைந்தன. 2015இல்தான் மறுபடி விற்பனைக்கு வந்தன. முன்பே எடுத்து வைத்தவர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் எந்தத் தொல்லையும் இல்லை. கலிபோர்னியா மாகாணம் 2024இல் நிறைவேற்றிய சட்டத்தை ஒட்டி, நீங்கள் வாங்குவது கேமை அல்ல, அதற்கான உரிமத்தை என்ற அறிவிப்பை ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்தில் வைத்திருக்கிறது. ஜிஓஜியிலும் சட்டப்படி உரிமம்தான். ஆனால் இன்ஸ்டாலர் உங்கள் டிஸ்கில் இருக்கும்போது அதை யாரும் வந்து எடுத்துப்போக முடியாது. நூறு மணி நேரம் வாழ்ந்த ஒரு கதையைப் பத்தாண்டு கழித்துத் திரும்ப ஆட விரும்புபவருக்கு இது சிறிய விஷயமே இல்லை.

வாங்கிக் குவிக்கும் ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை. விட்சர் 3இன் முக்கியக் கதை ஏறக்குறைய 50 மணி. அதன் விரிவாக்கங்களில் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் 10 மணி, பிளட் அண்ட் வைன் 20 மணி என்று செய்தவர்களே அறிவித்தார்கள். வேலை முடிந்து இரவு ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு இந்த ஒன்றே மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு விற்பனையில் இப்படிப்பட்ட பத்தை வாங்கினால் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும், அதற்குள் எட்டுப் பெரிய விற்பனைகள் வந்து போயிருக்கும். ஆடப்போகும் ஒன்றை மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. 40 டாலர் கேம் 90 சதவீதத் தள்ளுபடியில் 4 டாலருக்கு விற்றால், ஸ்டீமின் வழக்கமான 30 சதவீதப் பங்கு போக, விற்றவருக்கு 2.80 டாலர். பெரிய நிறுவனத்தின் பத்து வயது கேமுக்கு அது பரவாயில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து செய்த ஆர்பிஜி உங்களுக்குப் பிடித்திருந்தால், தள்ளுபடிக்குக் காத்திராமல் வாங்குங்கள். அவர்களின் அடுத்த கேம் அதை நம்பித்தான் இருக்கிறது. கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடான கீயை விற்கும் இடைத்தரகத் தளங்களைத் தவிர்த்துவிடுங்கள். திருட்டு கார்டில் வாங்கிய கீ எனத் தெரிந்தால் கேம் கணக்கிலிருந்து நீக்கப்படும், செய்தவருக்கும் அதில் ஒரு காசு போகாது.

விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3, பத்து லட்சம் சொற்களுக்கு மேல் கொண்ட டிஸ்கோ எலிசியம், இவை எவற்றிலும் தமிழோ வேறு இந்திய மொழியோ இல்லை. ஆங்கிலம் சரளமாகப் படிக்க வராத தம்பி தங்கைக்கு வாங்கித் தருவதாக இருந்தால் இதை யோசித்துச் செய்யுங்கள். வசனத்தைப் படிக்காமல் டிஸ்கோ எலிசியத்தில் ஆட எதுவுமே இல்லை.

ஆர்பிஜிக்குப் புதியவர் என்றால் எபிக்கில் இன்றே ஒரு கணக்கு திறந்து, முழு எடிஷன் இலவசமாக வரும் வியாழக்கிழமைக்குக் காத்திருங்கள். பணம் கொடுத்து ஒன்று வாங்குவதானால், ஜிஓஜியில் விட்சர் 3 கம்ப்ளீட் எடிஷன் 80 சதவீதத் தள்ளுபடிக்கு வரும் நாளில் வாங்குங்கள். அதற்குக் குறைந்த தள்ளுபடிக்கு வேண்டாம்.