58 ஏ/11: ஒரு வாசிப்பு

வரைபடம் ஒன்றை இலக்கியப் பத்திரிகையில் விமர்சிப்பது விபரீதமாகப் படலாம். ஆனால் ‘உள்ளதை உள்ளபடி’ என்றும் ‘பாணியே இல்லாத எழுத்து’ என்றும் நம் யதார்த்தவாதிகள் எதைக் கொண்டாடுகிறார்களோ, அதன் உச்சம் எந்த நாவலிலும் இல்லை. இந்திய நில அளவைத் துறையின் தாளில்தான் இருக்கிறது. ஆசிரியன் முகம் தெரிவதில்லை. அடைமொழி இல்லை. உணர்ச்சி இல்லை. அதைப் பிரதியாகவே எடுத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஓர் இளம் கவிஞரின் நீண்ட கவிதையை, அதில் ஊர்ப்பெயர்கள் அடுக்கிக்கொண்டே போகின்றன என்பதற்காக, ‘தாலுகா ஆபீஸ் பட்டியல்’ என்று எழுதி ஒதுக்கினேன். பெயர் வெறும் தகவல், தகவல் அனுபவமாகாது என்பது அப்போது என் தீர்ப்பு.

என் முன் இருப்பது ஊட்டி நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய, பின்புறம் துணி ஒட்டிய பழைய தாள். மைலுக்கு ஓர் அங்குலம். எண் 58 ஏ/11. கிழக்கு ஓரத்தில் தொட்டபெட்டாவும் உதகையும். மேற்கு ஓரத்தில் முக்குர்த்தி சிகரம். இடையில் கிடப்பது தோடர் நாட்டின் பெரும்பகுதி. இன்றும் எண்ணிக்கையில் மிகச் சிறிய, எருமைகளையும் பால்மனைகளையும் சுற்றி வாழ்வை அமைத்துக்கொண்ட சமூகம்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சமஉயரக் கோடு நேர்மையான கோடு. தன்மேல் உள்ள புள்ளிகளெல்லாம் ஒரே உயரம் என்பதற்கு மேல் அது எதையும் வாக்களிப்பதில்லை. வாக்களித்ததைக் காப்பாற்றுகிறது. நம் கவிதை வரிகளில் எத்தனைக்கு இந்த யோக்கியதை உண்டு?

சங்கடம் வண்ணத்தில் தொடங்குகிறது. சாகுபடி நிலத்துக்கு மஞ்சள், மரங்களுக்குப் பச்சை. இரண்டும் இல்லாத இடம் வெள்ளை. தோடனின் எருமை மேயும் புல்வெளி சாகுபடியுமல்ல, மரமுமல்ல. ஆகவே அது வெள்ளை. அவன் உலகத்தின் மையம் இந்தத் தாளில் எழுதப்படாத காகிதம். பின்னாளில் அந்தப் புல்வெளிகளில் சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். எருமைக்கு அது இழப்பு. வரைபட மொழியிலோ வெள்ளை பச்சையாகிறது, காலியிடம் நிரம்புகிறது. பழைய சோலைக்கும் நட்ட சீகைக்கும் ஒரே பச்சை. பாணி இல்லாத பாணியின் சாமர்த்தியம் இது: பொய் என்று எதுவும் சொல்லாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அடுத்தது பெயர். கேப்டன் வார்டு இந்த மலையை அளந்தது 1821-22இல். அதே 1821இல் ஓர் ஆங்கிலக் கடிதம் ‘வோட்டோகிமண்ட்’ என்று எழுதுகிறது. அது ‘ஊட்டகமண்ட்’ ஆகிறது. வெள்ளைக்காரனின் காதைப் பழிப்பது சுலபம். ஆனால் மந்தை ‘மண்டலம்’ ஆக்கி, உதகமண்டலம் என்று சமஸ்கிருத மெருகேற்றிப் பலகை மாட்டியது நாம்தான். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, தோடரின் சொல்லை நம் ‘மன்ற’த்தோடு ஒரே பதிவில் சேர்க்கிறது. உறவுச் சொல்லை அடையாளம் காணாமல் விரட்டியிருக்கிறோம்.

1902இல் நீலகிரியில் வேலை செய்து 1906இல் நூல் வெளியிட்ட ரிவர்ஸ், ஒவ்வொரு மந்துக்கும் இரண்டு பெயர்கள் தருகிறார். தோடர் சொல்வது ஒன்று. படகர் சொல்வது மற்றது. அவர் நோட்ர்ஸ் என்று குறிப்பது முத்தநாடு மந்து. கார்ஸ் என்பது காந்தல் மந்து. தாளில் ஏறியிருப்பது அண்டைவீட்டார் வைத்த பெயர். இதற்குக் கீழே இன்னொரு தளமும் இருக்கிறது. பால்மனை வழிபாட்டில் மலைகளும் ஓடைகளும் எருமைகளும் அன்றாடப் பெயரால் அழைக்கப்படுவதில்லை. அவற்றுக்கென்று தனிப் புனிதப் பெயர்கள். வேண்டுதல் என்பதே பெரும்பாலும் அந்தப் பெயர்களின் வரிசைதான்.

இங்கேதான் என் பழைய தீர்ப்பு ஆட்டம் கண்டது. 1930களில் எமனோ சேகரித்து 1971இல் வெளிவந்த தோடர் பாடல்களின் பெருந்தொகுதியில் உருவம் கறாரானது. மூன்றசை அலகுகள், ஒன்று வந்தால் அதன் இணை வந்தாக வேண்டும். ஓர் இடப்பெயர் தனியாக நிற்க முடியாது, துணைப்பெயரைக் கூட்டிக்கொண்டுதான் வரும். கேட்பவன் முதல் பெயரிலேயே இரண்டாவதை எதிர்நோக்குகிறான். ஆகவே பெயர் இங்கே தகவல் அல்ல. ஏற்கெனவே தெரிந்த ஒருவனிடம் மட்டும் சொல்லப்படுவது அது. வரைபடமோ இந்த மலையை அறியாதவனுக்காகப் போடப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துல்லியத்தில் இல்லை, வாசகனில் இருக்கிறது.

வழி சொல்லும் கவிதை நமக்கும் அந்நியமல்ல. மலைபடுகடாம் கூத்தருக்கு நன்னனின் மலைவழியைச் சொல்கிற ஆற்றுப்படைதானே? தோடருக்கும் ஒரு வழி உண்டு. இறந்தவர் மேற்கே அம்னோருக்குப் போகும் பாதை. அது கற்பனை வெளியில் தொடங்குவதில்லை. இந்த மலையின் மேலேயே அடையாளம் காட்டக்கூடிய இடங்களின் வழியாகப் போகிறது. ஒரு கல்லை முட்டியதும் இவ்வுலகப் பற்று விட்டுப்போகிறது என்று ரிவர்ஸ் பதிவு செய்கிறார். 58 ஏ/11இன் மேற்கு ஓரத்தில் அச்சிட்ட சட்டக்கோடு ஓடுகிறது. பாதை அதைப் பொருட்படுத்துவதில்லை.

இதிலிருந்து ‘பாட்டு உண்மை, வரைபடம் சூழ்ச்சி’ என்று முடிக்க எனக்குச் சம்மதமில்லை. அது மலிவான முடிவு. மேய்ச்சல் நிலத்துக்கு உரிமை கோரிப் போகிறவன் கையில் வரைபடம் வேண்டும். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்துக்காக 2008இல் வந்த விதிகள், சாட்சியங்களைப் பட்டியலிடும்போது வரைபடங்களையும் சேர்க்கின்றன. மூத்தவர்கள் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலத்தையும் சேர்க்கின்றன. அச்சடித்த தாளும் கிழவனின் வாய்ச்சொல்லும் ஒரே பட்டியலில். இவ்வளவு தெளிவு என்னிடம் இருந்ததில்லை.

அந்த இளம் கவிஞரின் கவிதையை மறுபடி எடுத்துப் படித்தேன். நல்ல கவிதை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அதன் பெயர்கள் ஒன்றையொன்று அழைக்கவில்லை, வரிசையில் நிற்கின்றன. ஆனால் பெயர்கள் இருந்ததே குற்றம் என்று நான் எழுதிய காரணம் தவறு. அதை இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.