பேயால் முடியாதது எது?

பேய்க் கதையை நடுநிசியில், விளக்கை அணைத்துவிட்டு, போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிக்க வேண்டும் என்பார்கள். பேய்க் கதை எழுதுகிற நான் நேர்மாறாகச் சொல்வேன்: பட்டப்பகலில் படியுங்கள். இருட்டும் தனிமையும் சேர்ந்தால் மட்டமான கதைகூட மிரட்டிவிடும். மதியச் சாப்பாடு முடிந்து, தெருவில் காய்கறி வண்டி கூவிக்கொண்டு போகிற நேரத்தில் படித்தும் உடம்பு சிலிர்க்கிறதா? அதுதான் கதை.

நான் இருப்பது திருவேற்காட்டில். கருமாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தையும், அருள் வந்து ஆடுகிறவர்களையும், கையில் வேப்பிலையோடு சுற்றி நிற்கிறவர்களையும் பார்த்துப் பழகிய ஊர். பேய் உண்டா இல்லையா என்று இங்கே யாரும் என்னைக் கேட்பதில்லை. எந்தப் பேய்க் கதை நல்ல கதை என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றே. பேய் என்னவெல்லாம் செய்கிறது என்று வியக்காதீர்கள். அதனால் எது முடியாது என்று கவனியுங்கள்.

பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய ‘டிராகுலா’வை எடுத்துக்கொள்வோம். டிராகுலா பிரபு ஓநாயாக மாறுவான், வௌவாலாக மாறுவான், பனிமூட்டமாகிக் கதவிடுக்கில் நுழைவான். ஆனால் அந்த வீட்டில் இருக்கிற ஒருவர் முதல் தடவை அழைக்காமல் அவனால் வாசலைத் தாண்ட முடியாது. ஓடும் தண்ணீரை நினைத்த நேரத்தில் கடக்க முடியாது. சொந்த மண்ணில்தான் படுக்க வேண்டும். அதற்காக டிரான்சில்வேனியா மண்ணை ஐம்பது பெட்டிகளில் அடைத்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றுகிறான். நாவலின் பின்பாதியில் நடப்பது பெரும்பாலும் அந்தப் பெட்டிகளைத் தேடும் வேட்டை. நாற்பத்தொன்பதை அழித்துவிடுகிறார்கள், ஒன்று தப்பிவிடுகிறது. கடைசி அத்தியாயங்களின் படபடப்பு முழுக்க அந்த ஒரு பெட்டியில் இருக்கிறது. இப்படிக் கணக்குப் போட்டுப் படிக்கும்போது ஸ்டோக்கர் எவ்வளவு கறாரான கதைசொல்லி என்று புரியும்.

வெயில் பட்டால் ரத்தக் காட்டேரி சாம்பலாகும் என்று நினைக்கிறவர்கள் அந்த நாவலை மறுபடி புரட்டிப் பார்க்கலாம். ஸ்டோக்கரின் டிராகுலா பகலிலும் லண்டன் தெருவில் நடமாடுகிறான். வெயிலில் மாய்வது 1922இல் முர்னாவ் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப் படத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு இந்த விதியில் பெரிய மரியாதை கிடையாது. விடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் கதையில் இருப்பவர்கள் மூளையைச் செலவழிக்க வேண்டியதே இல்லை. அந்தப் படத்தில் மட்டும் அது எடுபடுகிறது. காரணம், விடியும்வரை அவனைத் தன் பக்கத்திலேயே நிறுத்திவைக்க ஒரு பெண் தன் உயிரைக் கொடுக்கிறாள்.

ஸ்டீபன் கிங்கின் ‘சேலம்ஸ் லாட்’ (1975) அழைப்பு விதியைக் கொண்டுபோய் ஒரு சிறுவனின் ஜன்னலில் வைக்கிறது. செத்துப்போன நண்பன் வெளியே அந்தரத்தில் நின்றுகொண்டு, உள்ளே விடச் சொல்லிக் கேட்கிறான். நம் வீடுகளில், ராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்கே ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். அப்படி வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி அமெரிக்காவில் நடக்காது. அடுத்த அறையில் நடக்கும். ஆன் ரைஸ் மறு ஆண்டே வேறு பாதையில் போனார். அவருடைய நாவலில் காட்டேரியே தன் கதையைச் சொல்கிறது. ஐந்து வயதில் காட்டேரியாக்கப்பட்ட கிளாடியாவுக்கு மனம் முதிர்கிறது, உடம்பு வளர மறுக்கிறது. முடியாமை அங்கே துக்கமாகிவிடுகிறது. 2005இல் வந்த ‘ட்விலைட்’டில் வெயில் பட்டால் அவர்கள் மினுங்குகிறார்கள். காதல் கதையாக அதை நேசிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பயம் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது குறைவு.

இனி காமிக்ஸ். நாவலில் சொல்லாமல் விடுவது எளிது. எல்லாவற்றையும் வரைந்து காட்டுகிற ஊடகத்தில் மறைப்பது கடினம். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஓடும் வெள்ளை இடைவெளியில்தான் கொலை நடக்கிறது. முதல் கட்டத்தில் ஓங்கிய கை. அடுத்த கட்டத்தில் திறந்து கிடக்கும் கதவு. நடுவில் நடந்ததை வரைந்தவர் நீங்கள்தான். ஆகவே முதல் தடவை வசன பலூன்களைப் படிக்காமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் உங்கள் மனம் தானாக ஒரு படத்தைச் சேர்த்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டாம் தடவை வசனத்தோடு படியுங்கள்.

இன்னொன்று, தாளைப் புரட்டும் வித்தை. தேர்ந்த ஓவியர் அதிர்ச்சியை வலப்பக்கத்தில் வைக்க மாட்டார்; கண் முன்கூட்டியே போய் மேய்ந்துவிடும். வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் யாரோ எதையோ கண்டு வாய் பிளந்து நிற்பார். எதைக் கண்டார் என்பது தாளைப் புரட்டினால்தான் தெரியும். கைபேசியில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தை கிடைப்பதே இல்லை. படக்கதையைப் புத்தகமாக வாங்குங்கள்.

அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் 1954இல் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டில் ரத்தக் காட்டேரிகளுக்கும் நடைப்பிணங்களுக்கும் தடை இருந்தது. 1971இல் அதைத் தளர்த்தினார்கள். மறு ஆண்டே மார்வெல் ‘டூம் ஆஃப் டிராகுலா’வைத் தொடங்கியது. 1979 வரை 70 இதழ்கள்; எல்லாவற்றையும் வரைந்தவர் ஜீன் கோலன். அவர் பக்கங்களில் புகையும் நிழலும் அலைபாயும். டிராகுலாவின் மேலங்கி எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. ரத்தத்தை இஷ்டம்போல் காட்ட முடியாத காலம் அது. அந்தத் தடைதான் இவ்வளவு நல்ல நிழலைக் கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

தமிழில் இதே பாடத்தைச் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் 1972இலேயே நடத்திவிட்டது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது. காற்றில் தனியாக மிதந்து வரும் அந்தக் கையைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. முழுதாக மறைந்திருந்தால் அவனை மறந்திருப்போம். மறைய முடியாத ஒரு கைதான் அவனை ஐம்பது ஆண்டு வாழவைத்திருக்கிறது. ஜேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் கறுப்பு வெள்ளைக் கோடுகளை நிதானமாகப் பாருங்கள். பிரிட்டனில் வாராவாரம் சில பக்கங்களாக வந்த தொடர் அது. ஆகவே சில பக்கத்துக்கு ஒருமுறை கதை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடங்களில் நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள்.

பேய் ஓவியம் என்றால் எனக்கு முதலில் அம்புலிமாமா சங்கர்தான். 2020இல் காலமானார், மறு ஆண்டு பத்மஸ்ரீ வந்தது. உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன் அவர் கையில் பிறந்த உருவம். அந்தப் படத்தில் ராஜாவின் முகத்தைப் பாருங்கள். பயம் இருக்காது. சுமை இருக்கும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடி மரமேறிவிடும். விடை தெரிந்தும் வாயைத் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். உலகத்தில் இதைவிட நேர்த்தியான பேய் விதியை நான் படித்ததில்லை. பேசவும் கூடாது, பேசாமலும் இருக்கக் கூடாது. கதைசொல்லி அந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அரசனை நிறுத்தி, இருபத்தைந்து கதைகளை இழுத்துக்கொண்டு போகிறான். இந்தக் கதைகளை 1870இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ரிச்சர்ட் பர்ட்டனை ஸ்டோக்கர் நேரில் அறிந்தவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நவீனத் தமிழில் தொடங்க நினைப்பவர்கள் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யிலிருந்து தொடங்க வேண்டும். 1943இல் வந்த கதை. ஓர் எழுத்தாளர், அவர் மனைவி, வீட்டு வேலைக்கென்று வந்து சேரும் ஒரு பெண். இவ்வளவுதான் ஆட்கள். அங்கே பேய் கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு வந்துவிடுகிறது. வாடையை வைத்தே புதுமைப்பித்தன் பயத்தைக் கிளப்புகிறார். மனைவியின் கழுத்தில் ரத்தத் துளி என்று வரும்போது டிராகுலாவின் நிழல் தெரியும். ஆனால் ‘டிராகுலா’வில் விதிகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு கிழட்டுப் பேராசிரியர் இருக்கிறார். இங்கே யாரும் இல்லை. கதை சொல்கிறவர் புத்தகம் படித்தவர், தர்க்கம் தெரிந்தவர். முடியாமை இந்த முறை பேயின் பக்கம் இல்லை, அவர் பக்கம் இருக்கிறது. அதனால்தான் முடிந்த பிறகும் அந்தக் கதை நம்மை விடுவதில்லை.

நான் உயிராக நினைக்கும் பேய் இங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை. ஆவடியில் அரக்கோணம் ரயிலேறினால் திருவாலங்காடு. அதை ஒட்டிய ஊர் பழையனூர். நீலியின் ஊர்.

முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் நீலி. மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பேயாகத் தொடர்கிறாள். அவன் கையில் மந்திரக் கத்தி. அது இருக்கும்வரை அவளால் அவனை நெருங்க முடியாது. இதுதான் விதி. எழுதத் தெரியாதவன் கையில் கொடுத்தால் அந்தக் கத்தியைக் காக்கையைக் கொண்டு திருடவைப்பான். நீலி என்ன செய்கிறாள் பாருங்கள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபைக்குப் போகிறாள். நான் இவர் மனைவி, என்னைக் கொல்லக் கத்தி வைத்திருக்கிறார் என்று அழுகிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. நியாயம் தெரிந்த வேளாளர் எழுபது பேர் அவனிடம், உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் உயிரைக் கொடுக்கிறோம் என்று வாக்களித்து, கத்தியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கி வாக்கைக் காப்பாற்றுகிறார்கள்.

டிராகுலாவுக்குத் தேவை வீட்டுக்காரரின் அழைப்பு. நீலிக்குத் தேவை ஓர் ஊரின் நீதி. நல்லவர்களுடைய நல்ல குணத்தைக் கொண்டே பூட்டைத் திறக்கிறாள். அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அவன் அவளைக் கொன்றவன்தானே. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைச் சுட்டுகிறார் என்றால், கதை அதற்கும் முந்தியது.

அதே திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார் பேயுருவத்தில் வந்து அமர்ந்தார். சுடுகாட்டைப் பாடிய அவர், அங்கே ஒரு பேய்த் தாயைக் காட்டுகிறார். குழந்தைக்குப் பெயர் வைத்து, புழுதி துடைத்து, பால் கொடுத்துவிட்டு அவள் எங்கோ போய்விடுகிறாள். அம்மா வரக் காணாமல் குழந்தை அழுது அழுது உறங்கிப்போகிறது. கோரப் பல்லும் எலும்பு மாலையும் நிறைந்த பாட்டில் இப்படி ஓர் இடம். பேய்க் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டுத்தான் பேனா எடுக்க வேண்டும். ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் காளியிடம் பசி சொல்லி அழும். போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு, பரிமாறிக் குடிக்கும். அவற்றின் முடியாமையைக் கவனியுங்கள்: தாங்களாகப் போய் யாரையும் கொல்வதில்லை. மன்னர்கள் போர் தொடங்கும்வரை பட்டினிதான். ரத்தம் சிந்துகிற வேலை முழுக்க மனிதர்களுடையது.

கேரளத்துக் கள்ளியங்காட்டு நீலியை 2025இல் ‘லோகா’ என்ற மலையாளப் படம் பறந்து சண்டை போடும் நாயகியாக்கி, பெரிய திரையில் நிறுத்திவிட்டது. நம் பழையனூர் நீலி ஒரு நல்ல ஓவியருக்காகக் காத்திருக்கிறாள். கள்ளிக் கொம்பு குழந்தையாகும் அந்தக் கணத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது, எதை வெள்ளை இடைவெளியில் விடுவது, எந்தப் பக்கத்தைப் புரட்டும்போது வணிகனின் பிணம் தெரிய வேண்டும் என்று யோசிக்கத் தெரிந்த இளைஞர்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கண்டிப்பாக இருப்பார்கள். வரையுங்கள் தம்பி, தங்கைகளே. வசனம் எழுத ஆள் வேண்டுமென்றால் திருவேற்காட்டில் நான் இருக்கிறேன்.