காட்டுக்குக் காவல் உண்டு, காமன் திடலுக்கு?

மத்திய மலைநாட்டுக் காட்டுக்குக் காவல் பழையது. கோப்பிக்காக மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த காலத்திலேயே, 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடவேண்டாம் என்று 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொன்னார். 2010இல் சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. ஆனால் இயற்கைக்குரிய அளவுகோல்களின்படி மட்டுமே. அந்தக் காட்டோரத்தில் மஸ்கெலியாவிலும் ஹட்டனிலும் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் உழைத்தவர்களின் மரபு அந்தக் கணக்கில் இல்லை.

நாட்டுச் சட்டமும் கைகொடுக்கவில்லை. தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் எழுதப்பட்டபோது தொன்மைக்கு இட்ட எல்லை 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். எங்கள் முன்னோர் இந்த மலைக்கு வரத் தொடங்கியது 1820களில். அவர்கள் வருகைக்கு முந்திய காலத்தோடு அந்தச் சட்டத்தின் கோடு நின்றுவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் பணியை எடைபோட வேண்டும். பெ. முத்துலிங்கத்தின் தலைமையில் இந்தத் தொண்டு நிறுவனம் 2007இல் கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. பழைய லயக் காம்பராக்களே, தொழிலாளர் குடியிருந்த வரிசை அறைகளே, அதன் கூடங்கள். ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இயங்கும் சிலோன் தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களுக்கும் தேயிலை முன்னோடி ஜேம்ஸ் டெய்லருக்கும் உரிய இடம் உண்டு. கொழுந்து பறித்தவளின் வீட்டுப் பொருளும் தப்பும் ஆவணமும் வரலாறாக வைக்கப்பட்டது ஓல்ட் பீகொக்கில்தான். அரசு செய்திருக்க வேண்டிய வேலை இது. கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்தைத் தேடாமல் தோட்டத்துக்குள்ளேயே அதைச் செய்தது மிகச் சரியான முடிவு.

ஆனாலும் பொருளைக் காப்பதும் மரபைக் காப்பதும் ஒன்றல்ல. மட்டக்குச்சியை எடுத்துக்கொள்வோம். தேயிலைச் செடியின் வாதுகளின் மேல் அதைக் கிடத்தி, அதற்கு மேலே எழும் கொழுந்தை மட்டும் கிள்ளுவார்கள். மலைச்சரிவு முழுவதும் மேசைபோல மட்டமாக நிற்பது அந்தக் குச்சியால்தான். குச்சியைக் கண்ணாடிக்குள் வைத்துவிடலாம். அதைப் பிடித்த கை, அந்த நிரையில் பாடிய பாட்டு, தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவல் நிற்கும் ரோதமுனிக்கு வைத்த படையல், இவற்றுக்கு ஆளும் இடமும் வேண்டும். மாசிப் பிறை கண்டதும் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்ற ஒரு திடல் வேண்டும். அந்தத் திடல் யாருடையது? நிலம் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம். ஆடுகிறவர்களுக்கு அதில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை. அருங்காட்சியகம் எட்ட முடியாத இடம் இது. என் கணிப்பில் அதன் பெரிய குறையும் இதுவே: பொருள்களைச் சேர்த்த அளவுக்கு அது இடங்களுக்காக வாதாடவில்லை.

லயத்தைப் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழுந்த வரிசைகளை மரபுரிமை என்று சொல்லிப் பாதுகாக்கக் கேட்பது, அங்கே இன்றும் வாழ்கிறவர்களுக்குச் செய்யும் கொடுமை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை யாரும் மறக்க முடியாது. லயம் இடிய வேண்டும். ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் வரவேண்டும். அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் இடித்த பிறகு, இப்படியும் மனிதரை வாழவைத்தார்கள் என்பதற்குச் சான்று எங்கே இருக்கும்? ஆளில்லாத ஒரு லயத்தைச் சான்றாக நிறுத்திய ஓல்ட் பீகொக், இந்தச் சிக்கலுக்கு நேர்மையான விடை தந்திருக்கிறது. குடும்பங்கள் வீட்டுக்குப் போகட்டும், ஒரு வரிசை மட்டும் நிற்கட்டும்.

ஆகவே என் தீர்ப்பு: ஆவணக் காப்பகம் என்ற அளவில் இந்த நிறுவனம் வென்றிருக்கிறது, மரபின் காவலர் என்ற அளவில் பாதி வழிதான் வந்திருக்கிறது. கம்பளையில் ஒன்று போதாது. நுவரெலியா மாவட்டத்தின் தோட்டக் கோயில்கள், காமன் திடல்கள், வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களங்கள், இடுகாடுகள் ஆகியவற்றைத் தோட்டம் தோட்டமாகப் பதிவு செய்து, காணி பங்கிடப்படும் முன்பே அவற்றின் எல்லைகளை வர்த்தமானியில் அறிவிக்கும்படி அரசைக் கேட்பதே அதன் அடுத்த வேலையாக வேண்டும். அந்தப் பட்டியலை எழுதத் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் முன்வர வேண்டும்.