காவு கேட்கும் டிராகன்கள்

ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகன் கார்டைக் கையில் வாங்கியதும் கண் நேராகப் படத்துக்குத்தான் போகும். படத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு ஓரங்களைப் பாருங்கள். மஞ்சள் சட்டம். பெயருக்குக் கீழே எட்டு நட்சத்திரங்கள். வலப்பக்க அடியில் இரண்டு எண்கள்: தாக்க 3000, தடுக்க 2500. 2002-இல் அமெரிக்காவில் வந்த முதல் பாக்கெட் வரிசையில் இதன் எண் எல்.ஓ.பி-001. பெயர் பொன் எழுத்தில் இருக்கும்; சாய்த்துப் பிடித்தால் படம் மின்னும். கீழே கட்டத்துக்குள் இருப்பதோ வெறும் வர்ணனை. இந்த டிராகன் எப்பேர்ப்பட்டது என்ற புகழ்ச்சிதானே தவிர, அது என்ன செய்யும் என்ற சொல் ஒன்றுகூட இல்லை. செய்ய அதற்கு எதுவும் இல்லை. வரும், மோதும், அவ்வளவுதான்.

யு-கி-ஓ விளையாட்டில் டிராகன்களை எடைபோட நினைப்பவர் இந்தக் கார்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. கசுகி தகாஹாஷி 1996-இல் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் ‘யு-கி-ஓ’ படக்கதையைத் தொடங்கியபோது, கார்டு ஆட்டம் கதையில் வந்துபோகும் பல விளையாட்டுகளில் ஒன்றாகத்தான் இருந்தது. வாசகர்களுக்கு அது பிடித்துப்போக, கதையே அதைச் சுற்றிச் சுழல ஆரம்பித்தது. கதைப்படி உலகத்திலேயே நான்கு ப்ளூ-ஐஸ் கார்டுகள்தான் உண்டு. மூன்றைத் தன்னிடம் வைத்திருக்கும் கைபா என்ற பாத்திரம், நான்காவது தனக்கெதிராக இறங்கிவிடக் கூடாது என்று அதைக் கிழித்துப் போடுகிறது. அந்தக் கிழிசலிலேயே இந்த டிராகனின் பேர் நிலைத்துவிட்டது. 1999-இல் கொனாமி நிறுவனம் நிஜக் கார்டுகளை அச்சிட்டு விற்கத் தொடங்கியபோது, கதையில் இருந்த கௌரவம் மேசைமேலும் செல்லுமா என்பதுதான் கேள்வி.

அவ்வளவு சுலபத்தில் செல்லவில்லை. காரணம், காவு.

நான்கு நட்சத்திரம் வரையுள்ள மான்ஸ்டரைச் சும்மா இறக்கலாம். ஐந்து, ஆறு என்றால் களத்தில் ஏற்கெனவே நிற்கும் ஒன்றைக் காவு கொடுக்க வேண்டும். ஏழும் அதற்கு மேலும் இரண்டு கேட்கும். ஜப்பானிய விதிகளில் நெடுங்காலம் இதற்கு ‘இகெனியே’ என்ற சொல்தான் இருந்தது. உயிர்ப்பலி என்று பொருள். பிற்பாடு அதை ‘ரிலீஸ்’ என்று மாற்றிவிட்டார்கள். எனக்குப் பழைய சொல்தான் பிடிக்கும். கதையிலும் முதலில் இந்த விதி கிடையாது. ‘பேட்டில் சிட்டி’ பகுதிக்கு வந்தபோதுதான் புகுத்தினார்கள். ஆட்டத்துக்கு நடந்த நல்ல காரியங்களில் அது தலையாயது என்பேன். விலை என்று ஒன்று வந்த பிறகுதான் டிராகனுக்கு மதிப்பு என்று ஒன்று வந்தது.

கணக்கைப் பாருங்கள். ஆரம்ப காலத்து லா ஜின் ஒரு நான்கு நட்சத்திர மான்ஸ்டர், தாக்குசக்தி 1800. இரண்டு லா ஜின் களத்தில் நிற்க, எதிராளியின் பக்கம் காலி என்றால், இரண்டும் அடித்து அவருடைய லைஃப் பாயிண்டிலிருந்து 3600 கழிக்கும். அதே இரண்டையும் காவு கொடுத்து ப்ளூ-ஐஸை இறக்கினால் 3000தான் கழியும். அறுநூறு நஷ்டம். அதோடு மூன்று கார்டு ஒரே கார்டாகச் சுருங்கிவிட்டது. எதிராளி கவிழ்த்து வைத்திருக்கும் மேன்-ஈட்டர் பக் என்ற 450 சக்திப் பூச்சியைத் தெரியாமல் அடித்துவிட்டால், அது புரண்டெழுந்து டிராகனை அழித்துவிடும். ஒரு பூச்சிக்கு மூன்று கார்டு போச்சு. டிராகனின் தாக்குசக்தியை மட்டும் பார்த்து மயங்கியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இந்தப் பூச்சியிடம் பாடம் படித்திருப்பார்கள்.

ரெட்-ஐஸ் பிளாக் டிராகனின் கதை இன்னும் பரிதாபம். ஏழு நட்சத்திரம், ஆகவே இரண்டு காவு, தாக்குசக்தியோ 2400. அதே காலத்தில் ஆறு நட்சத்திர சம்மன்டு ஸ்கல் ஒரே காவில் 2500 தந்தது. அழகில் கறுப்பு டிராகனுக்கு என் ஓட்டு எப்போதும் உண்டு; அந்தச் சிவந்த கண்ணும் ஒல்லியான கழுத்தும் வெள்ளை டிராகனின் கம்பீரத்தைவிட ஆபத்தாகத் தெரியும். ஆனால் அதை ஆடவென்று டெக்கில் சேர்ப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது.

காவுக்குச் சுற்றுவழி காட்டிய முதல் அழகான ஜோடி லார்டு ஆஃப் டி என்ற மந்திரவாதியும் அவருடைய புல்லாங்குழலும். மந்திரவாதி களத்தில் நிற்கும்போது குழல் கார்டைப் போட்டால் கையிலிருக்கும் இரண்டு டிராகன்கள் காவே இல்லாமல் இறங்கும். இரண்டு ப்ளூ-ஐஸ் என்றால் 6000, மந்திரவாதியின் 1200 சேர்த்தால் 7200. ஒருவரின் லைஃப் பாயிண்ட் 8000. காலிக் களத்தில் ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்க வெறும் 800 குறையும். நான்கு கார்டும் ஒரே சமயம் கைக்கு வந்து சேர வேண்டும், அது பத்து ஆட்டத்தில் ஒன்றில் வந்தாலே பெரிது. வந்துவிட்டால் அந்த ஆட்டம் வருஷக்கணக்கில் பேசப்படும். வலிமையை விட்டுத்தள்ளுங்கள், ஒரு கார்டு ஆடுகிறவரின் நெஞ்சில் எத்தனை நாள் தங்குகிறது என்பதும் ரசனையில் சேர்த்திதான்.

விலை மலிந்தால் என்ன ஆகும் என்பதற்கு கேயாஸ் எம்பரர் டிராகன் சாட்சி. அதுவும் எட்டு நட்சத்திரம், அதே 3000, அதே 2500. அமெரிக்காவில் 2004-இல் வந்தது. காவு வேண்டாம், கிரேவ்யார்டில், அதாவது ஆட்டத்தில் விழுந்த கார்டுகள் சேரும் குவியலில், கிடக்கும் ஒளி மான்ஸ்டர் ஒன்றையும் இருள் மான்ஸ்டர் ஒன்றையும் ஆட்டத்தை விட்டே அகற்றினால் இறங்கிவிடும். செத்துக் கிடக்கும் கார்டைக் கொடுப்பதும் ஒரு விலையா? இறங்கிய பிறகு 1000 லைஃப் பாயிண்ட் கட்டினால், இரண்டு பேர் கையிலும் களத்திலும் உள்ள அத்தனை கார்டும் கிரேவ்யார்டுக்குப் போகும். போன கார்டு ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு 300 சேதம்.

இந்த இடத்தில்தான் சாங்கன் என்ற சின்ன மூன்று கண் பூதம் நுழைகிறது. களத்திலிருந்து கிரேவ்யார்டுக்குப் போனால், 1500-க்கு மிகாத தாக்குசக்தியுள்ள மான்ஸ்டர் ஒன்றை டெக்கிலிருந்து கைக்கு எடுத்துத் தரும். டிராகன் எல்லாவற்றையும் அடித்துச் சாய்க்கும்போது சாங்கனும் சாயும். அது யாட்டா-கராசு என்ற காக்கையை எடுத்துத் தரும். காக்கையின் சக்தி வெறும் 200. ஆனால் அது அடித்தால் எதிராளி அடுத்த முறை கார்டு எடுக்க முடியாது. கையிலும் ஒன்றுமில்லை, களத்திலும் ஒன்றுமில்லை, எடுக்கவும் வழியில்லை. முறை முடிந்ததும் காக்கை உரியவர் கைக்குத் திரும்பும்; அடுத்த முறை மறுபடி வந்து கொத்தும். உட்கார்ந்திருக்கும் மனிதர் தன் தோல்வியை 200, 200-ஆகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2004-க்குள்ளேயே இந்த டிராகனுக்குத் தடை விழுந்தது. பல ஆண்டுகள் கழித்து விதியைத் திருத்தி, அந்த ஆற்றலைப் பயன்படுத்தும் முறையில் வேறெந்த ஆற்றலையும் ஏவக் கூடாது என்று கட்டிப்போட்டுத்தான் வெளியே விட்டார்கள். அதன் பலத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எதிரில் இருப்பவருக்கு ஆட வேலையே இல்லாமல் செய்யும் கார்டை உயர்ந்த கார்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நான் உயர்ந்தது என்று சொல்லும் கார்டுக்கு இப்போது வருகிறேன். டார்க் ஆர்ம்டு டிராகன். 2008-இன் தொடக்கத்தில் ஆங்கிலப் பதிப்பாக வந்தது. ஏழு நட்சத்திரம், தாக்க 2800, தடுக்க 1000. அதற்கு முந்தைய ஆர்ம்டு டிராகன் எல்வி7-இன் அதே எண்கள், அதே உடல். காற்றிலிருந்து இருளுக்குத் திரும்பிய உடல். உங்கள் கிரேவ்யார்டில் இருள் மான்ஸ்டர்கள் சரியாக மூன்று இருந்தால் மட்டுமே இது இறங்கும். இறங்கிய பிறகு அந்த இருள் கார்டுகளில் ஒன்றை அகற்றினால், களத்தில் உள்ள ஏதாவது ஒரு கார்டை அழிக்கும். ஒரு முறைக்கு இத்தனை தடவைதான் என்ற வரம்பு கிடையாது.

அந்த ‘சரியாக’ என்ற சொல்லில்தான் முழு அழகும் இருக்கிறது. மூன்றோ அதற்கு மேலோ என்று எழுதியிருந்தால் இது இன்னொரு முரட்டு டிராகன், அவ்வளவுதான். சரியாக மூன்று என்றதும், ஆடுகிறவர் முதல் கார்டிலிருந்தே எண்ண ஆரம்பிக்கிறார். ஆர்மகெடான் நைட்டை இறக்கினால் டெக்கிலிருந்து ஒரு இருள் மான்ஸ்டரை நேராகக் கிரேவ்யார்டுக்கு அனுப்பலாம். எண்ணிக்கை ஒன்று ஏறும். அந்த நைட்டே சண்டையில் விழுந்தால் இன்னொன்று ஏறும். வேகமாகப் போய் நான்காகிவிட்டால்? கையில் டிராகன் இருந்தும் பயனில்லை. அப்போது டெஸ்டினி ஹீரோ மலிஷியஸ் கைகொடுக்கும். கிரேவ்யார்டில் கிடக்கும் மலிஷியஸை அகற்றினால் டெக்கிலிருந்து இன்னொரு மலிஷியஸ் களத்தில் வந்து நிற்கும். நான்கு மூன்றாகும், டிராகன் இறங்கும். தாளம் தப்பாமல் சரியான இடத்தில் எடுப்புக்கு வந்து விழும் வித்வானைக் கேட்கிற சந்தோஷம் அதில் உண்டு.

இறங்கியதும் மூன்று கார்டும் மூன்று குண்டு. கவிழ்த்துவைத்த மந்திரக் கார்டு ஒன்று, எதிரே நிற்கும் மான்ஸ்டர் ஒன்று, இன்னொன்று. வழி திறந்ததும் 2800 நேராகப் பாயும். ஆனால் எதிராளிக்கும் வேலை இருக்கிறது. டி.டி. க்ரோ என்ற காக்கைக் கார்டைக் அவர் கையிலிருந்து வீசினால் டிராகனை இறக்கியவரின் கிரேவ்யார்டில் உள்ள ஒரு கார்டை அகற்றலாம். டிராகன் முதல் குண்டை எடுத்த அந்தக் கணத்திலேயே இந்தக் காக்கையை வீசினால் மிச்சமிருந்த இரண்டு ஒன்றாகிவிடும். மூன்று குண்டு இரண்டு குண்டாகும். அந்த ஒரு குண்டில் பிழைத்துவிட்ட கார்டு ஆட்டத்தையே திருப்பியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே கிரேவ்யார்டை, ஒரே எண்ணை, மனசுக்குள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விலையும் பலமும் ஒரே பொருளால் ஆன டிராகன் இது. வருவதற்குக் காட்டிய மூன்று கார்டுதான் வந்த பிறகு செலவழிக்கும் மூன்று கார்டும். இதைவிடக் கச்சிதமாக எழுதப்பட்ட டிராகனை நான் பார்க்கவில்லை.

அதே 2008-இல் வந்த ஸ்டார்டஸ்ட் டிராகன் வேறு ஜாதி. ட்யூனர் என்ற வகை மான்ஸ்டர் ஒன்றையும் வேறு மான்ஸ்டர் ஒன்றையும் நட்சத்திரம் கூட்டி, மூன்றும் ஐந்தும் எட்டு என்று கொண்டுவர வேண்டிய வெள்ளைச் சட்டத்துக் கார்டு. தாக்குசக்தி 2500தான். எதிராளி எதையாவது அழிக்கும் ஆற்றலை ஏவினால், இந்த டிராகன் தன்னையே காவு கொடுத்து அதை முறிக்கும். அந்த முறை முடியும்போது கிரேவ்யார்டிலிருந்து மீண்டு வந்து நிற்கும். மற்ற டிராகன்கள் காவு கேட்கும். இது காவாகப் போகும். தான் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் களத்தைத் திறந்து விட்டுச் செல்கிறது என்பதுதான் அதன் பலவீனம். நல்ல எதிராளி முதலில் ஒரு சின்ன அடியைக் காட்டி அதை வெளியே அனுப்பிவிட்டு, அப்புறம்தான் பெரிய அடியை எடுப்பார். அழிக்காமல் கைக்குத் திருப்பி அனுப்பும் கார்டுகளுக்கும் அதனிடம் பதில் இல்லை. குறை தெரிந்தே விரும்பக்கூடிய கார்டு.

2013-இன் நான்கு டிராகன் ரூலர்களைப் பற்றி அதிகம் சொல்லப் பிரியமில்லை. கையிலிருந்தோ கிரேவ்யார்டிலிருந்தோ வேறு இரண்டு கார்டுகளை அகற்றி இறங்கும். தான் அகற்றப்பட்டாலோ டெக்கிலிருந்து இன்னொரு டிராகனைக் கைக்குக் கொண்டுவரும். ஒன்றுக்குக் கொடுத்த விலை இன்னொன்றுக்கு லாபம். செக்கு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணெய் வற்றாது. அந்த ஆண்டு போட்டிகளை அவை ஆண்டன என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இழப்பே இல்லாத இடத்தில் இறங்கும் கணத்துக்கு எடை இல்லை. அடுத்து எது வரும் என்ற படபடப்பு எனக்கு அவற்றிடம் வந்ததே கிடையாது.

மறுபடி அந்த மஞ்சள் சட்டத்துக்கே வருகிறேன். பல காலம் ப்ளூ-ஐஸ் ஆல்பத்தில் வைத்துப் பார்க்கும் கார்டாகத்தான் இருந்தது. அதைத் திருத்தி ஆற்றல் கொடுத்திருக்கலாம், செய்யவில்லை. சுற்றியுள்ளவற்றை மாற்றினார்கள். ப்ளூ-ஐஸ் ஆல்டர்நேட்டிவ் ஒயிட் டிராகன் என்று புதிதாக ஒன்று வந்தது. அதே 3000, அதே 2500. அதற்குக் காவு வேண்டாம், கிரேவ்யார்டு வேண்டாம். கையில் உள்ள பழைய ப்ளூ-ஐஸைத் திருப்பி எதிராளிக்குக் காட்டினால் போதும், இறங்கும். அந்த முறை தாக்குவதை விட்டுக்கொடுத்தால் எதிராளியின் மான்ஸ்டர் ஒன்றை அழிக்கும். கையில் தேங்கிக் கிடந்தால் சுமை என்று எல்லாரும் ஒதுக்கிய கார்டு, கையில் இருப்பதாலேயே வேலை செய்யத் தொடங்கியது.

2016-இல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஷுன்சுகே ஹியாமா ப்ளூ-ஐஸ் டெக்கை ஆடிப் பட்டம் வென்றார். அந்த ஆண்டின் ப்ளூ-ஐஸ் ஆட்டங்களைப் பார்க்கும்போது என் கண் இறங்கி நிற்கும் டிராகன்மேல் நிற்காது, ஆடுகிறவரின் விரல்கள்மேல் நிற்கும். ஐந்து கார்டிலிருந்து ஒன்றை உருவி, எட்டு நட்சத்திரமும் அந்த வெறும் வர்ணனையும் எதிராளிக்குத் தெரியும்படி ஒரு கணம் திருப்பிப் பிடித்து, மறுபடி மற்ற கார்டுகளுக்கு நடுவே செருகிக்கொள்கிறார்கள்.