ரொம் சோயரின் வேலியும் சுண்ணாம்பும்

சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டு, நீரூற்றி நீற்றி, கரைத்துப் பூசுவதே வெள்ளையடித்தல். ஈரம் உலராத பூச்சு அடியிலுள்ளதை மறைப்பதில்லை. உலர்ந்து, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று இறுகும்போதே வெண்மை தெளிவாகும். ஆங்கிலத்தில் இச்சொல் குற்றத்தை மூடி மறைத்தல் என்ற பொருளிலும் பெருவழக்குடையது. தமிழில் அதற்குப் 'பூசி மெழுகுதல்' என்பர். 1876 இல் வெளிவந்த மார்க் ருவெயினின் 'ரொம் சோயர்' நாவலின் இரண்டாம் அத்தியாயத்திலே இச்சொல்லின் இருபொருளும் ஒருங்கே செயற்படுகின்றன.

கதை யாவரும் அறிந்ததே. பாடசாலைக்குச் செல்லாது திரிந்த ரொம்முக்கு, அவனை வளர்க்கும் பொலி விதித்த தண்டனை 30 யார் நீளமும் 9 அடி உயரமும் கொண்ட பலகை வேலிக்கு வெள்ளையடிப்பது. அவனோ அதனைப் பெறற்கரிய பேறுபோல நடித்து, ஊர்ச் சிறுவர்களை ஒருவர்பின் ஒருவராகத் தூரிகை பிடிக்கச் செய்கிறான். அதற்குக் கூலியாகப் பட்டம், செத்த எலி, ஒற்றைக்கண் பூனைக்குட்டி முதலானவற்றை அவர்களிடமிருந்தே பெறுகிறான். வேலி மூன்று பூச்சுப் பெறுகிறது. கட்டாயமாகச் செய்வது வேலை, கட்டாயமின்றிச் செய்வது விளையாட்டு என்று ஆசிரியர் தத்துவம் உரைக்கிறார். இத்தத்துவத்தை வியப்போர் பலர். அதற்குச் சற்று முன் வருபவனை நினைவு கொள்வோர் சிலரே.

அவன் ஜிம். கறுப்புச் சிறுவன், பாடிக்கொண்டே வாளியுடன் தண்ணீர் எடுக்கச் செல்கிறான். ரொம் முதலில் ஏமாற்ற முனைவது அவனையே. வெள்ளைப் போளை ஒன்றைக் காட்டி ஆசையூட்டுகிறான். தன் புண்பட்ட கால்விரலையும் காட்டுவதாகக் கூறுகிறான். ஜிம் வாளியை வைத்துப் போளையை வாங்குகிறான். அடுத்த கணம் அடிபட்டு ஓடுகிறான். பொலி காற்செருப்புடன் வெற்றிப் பெருமிதத்தோடு மீள்கிறாள். வாசகர் சிரிக்கின்றனர்.

ஏனைய சிறுவர்கள் விரும்பினால் தூரிகையை எறிந்துவிட்டுப் போகலாம். அதனாலேயே அது அவர்களுக்கு விளையாட்டாகிறது. ஜிம்முக்குத் தூரிகையைத் தொடும் உரிமைகூட இல்லை. மறுக்கும் சுதந்திரம் உள்ளவனுக்கே அத்தத்துவம் பொருந்தும் என்பதை, ஆசிரியர் கூறாதபோதும், அவர் படைத்த காட்சியே கூறிவிடுகிறது.

ருவெயின் இதனை அறியாதவரல்லர். அடிமைமுறை நிலவிய மிசூரி மாநிலத்தின் ஹனிபல் நகரில் வளர்ந்தவர். அவரது வீட்டார் வாடகைக்கு அமர்த்திய சான்டி என்னும் அடிமைச் சிறுவனைத் தம் தன்வரலாற்றில் நினைவு கூர்கிறார். மேரிலாந்தில் உற்றாரிடமிருந்து பிரிக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்ட அவன் ஓயாது பாடுவான். அதைப் பொறுக்கமாட்டாத சிறுவன் ருவெயின் முறையிட்டபோது தாய் கண்கலங்கினாள்: பாடும்போது அவன் பழையதை நினைக்கவில்லை என்று ஆறுதலடையலாம், அவன் தன் தாயை இனி ஒருபோதும் காணப்போவதில்லை. ரொம் சோயரிலே சான்டியைப் பயன்படுத்தியதாகவும், வேலிக்கு வெள்ளையடிக்க அவனை இணங்கச் செய்ய முயன்றும் பலிக்கவில்லை எனவும் அவரே எழுதுகிறார்.

ஆகவே ஜிம்மின் பாட்டு சான்டியின் பாட்டு. நாவலுக்குள் பாட்டு வந்தது, தாய் வரவில்லை. அடிமைமுறை ஒழிந்து பதினொரு ஆண்டுகளின் பின் வெளிவந்த நூலில், பிள்ளைப்பருவ இனிமை என்ற பூச்சுக்கு இது தேவைப்பட்டது போலும். எனினும் ருவெயினை வெறும் வெள்ளையடிப்பாளர் என ஒதுக்குவது நேர்மையாகாது. அமெரிக்காவில் 1885 இல் வெளிவந்த 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் வேறொரு ஜிம் வருகிறான், வளர்ந்தவன், மனைவி மக்களை எண்ணி இரவில் அழுகிறான். மறைத்ததை ஆசிரியரே சுரண்டி எடுத்த இடம் அது.

ஆயினும் அந்நாவலின் இறுதிப் பகுதியில் ரொம் மீண்டும் வருகிறான். ஜிம்முக்கு அவன் உடைமைக்காரி மரணசாசனத்தில் விடுதலை அளித்துவிட்டதை அறிந்திருந்தும், அதை மறைத்து, அவனைச் சிறையிலிருந்து மீட்பதாக விளையாடுகிறான். வேலியருகே கற்ற வித்தைதான். பொறுமையான கைதியாக இருந்தமைக்காக ஜிம்முக்கு இறுதியில் அவன் கொடுப்பது நாற்பது டொலர்.