கிளிஞ்சல் சுவர்

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்றிருக்கும். பளிங்கோ என்று சந்தேகம் வரும். மூலப்பொருள், கடற்கரையில் யாரும் சீந்தாத கிளிஞ்சல்.

கிளிஞ்சலில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். காளவாயில் கரியோடு அடுக்கி ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, எடையில் பாதிக்குச் சற்று மேல் சுட்ட சுண்ணாம்பாக மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று கொதித்து மாவாய் உதிரும். சலித்து, ஊறவைத்து, வெண்ணெயாய் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. பிறகு வழவழப்பான கல்லால் தேய்ப்பு, ஓயாத தேய்ப்பு.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடப்பது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து, பூச்சு மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகவே இறுகுகிறது. கிளிஞ்சல் சுவராகிவிட்டது என்பதைவிட, சுவர் கிளிஞ்சலாகிவிட்டது என்பதே சரி.

கிளிஞ்சலின் வேலை சுவரோடு முடிவதில்லை. கலங்கிய கிணற்றில் சுண்ணாம்பு போடுவார்கள். அமிலத் தண்ணீரின் புளிப்பைக் கிளிஞ்சல் தூளே தணிக்கும். சுட்ட கிளிஞ்சல், கழிவுநீரிலுள்ள பாஸ்பேட்டையும் பிடித்துவைக்கும். சிப்பி ஓடுகளைப் பொடித்துக் கான்கிரீட்டில் மணலுக்குப் பதிலாக ஓரளவு சேர்த்தும் பார்க்கிறார்கள். ஆனால் உப்புப் போக நன்றாகக் கழுவ வேண்டும். சோம்பினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.